முக்திநாத் பேக்கேஜ்: காசு எங்கே போகிறது, நாள் எங்கே தொலைகிறது

சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று எந்த ஊரில் விசாரித்தாலும் நேபாள யாத்திரை பேக்கேஜ் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருகிறது. கோரக்பூர் வரை ரயில், இல்லையென்றால் டெல்லி வழியாகக் காத்மாண்டுக்கு விமானம். லும்பினி, போக்ரா, முக்திநாத், மனகாமனா, பசுபதிநாத், கடைசியில் ஷாப்பிங். மொத்தம் 7 இரவு அல்லது 8 இரவு. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருப்பது முக்திநாத். திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடிய சாளக்கிராமம், 108 திவ்யதேசங்களில் ஒன்று என்பதால் பாதிப் பேர் அதற்காகவே பணம் கட்டுகிறார்கள். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பிரித்துப் பார்த்தால் கோயிலில் நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம் தேறாது. இது எந்த ஒரு நிறுவனத்தைப் பற்றிய விமர்சனமும் அல்ல, இந்த அச்சைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் பேக்கேஜ் எடுப்பதே நல்லது. டிக்கெட், பெர்மிட், ஜீப், அறை என்று நாலு இடத்தில் அலைய வேண்டாம். ஆனால் போக்ராவுக்கும் முக்திநாத்துக்கும் நடுவில் ஓர் இரவைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். அதற்காக மனகாமனா அம்மன் கோயில் கேபிள் காரையும் போக்ராவின் டேவிஸ் அருவியையும் வெட்டினாலும் குறையில்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பழைய அரச நகரங்களான பக்தபூரையும் பாடனையும் சேர்க்கச் சொல்லுங்கள். "நேரம் இருந்தால் பார்க்கலாம்" என்றால் அது நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்திநாத்துக்குப் போக மூன்று வழி. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம், அங்கிருந்து ஜீப். அல்லது போக்ராவிலிருந்தே ஜீப். அல்லது ஹெலிகாப்டர்.

விமானம் 20 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ட்வின் ஆட்டர் போன்ற 19 இருக்கை விமானங்கள், ஒரு பக்கம் தவளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா, நடுவில் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. விடிந்ததிலிருந்து காலை பத்து, பத்தரை மணிக்குள் எல்லா சர்வீஸும் முடிந்துவிடும். வெயில் ஏற ஏற ஜோம்சோமும் முக்திநாத்தும் இருக்கும் முஸ்தாங் மேட்டு நிலம் சூடாகி, தெற்கிலிருந்து காற்றை அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியாக உறிஞ்சும். முற்பகல் தாண்டியதும் ஜோம்சோம் ஓடுதளத்தில் விமானம் இறங்க முடியாத வேகத்தில் காற்று வீசும். மதிய விமானம் என்ற பேச்சே கிடையாது. காலையில் போக்ராவில் மூடுபனி இருந்து இரண்டு மணி நேரம் தாமதமானால் அன்றைய சேவை அதோடு சரி. நேபாளத்தின் மிகச் சவாலான விமானத் தடங்களில் இது ஒன்று. 2022 மே 29 அன்று இதே தடத்தில் ஒரு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். ஆகவே வானிலை சரியில்லை என்று ரத்து செய்தால் கவுண்டரில் சண்டை போடாதீர்கள், ரத்து செய்கிறார்களே என்று நிம்மதிப்படுங்கள்.

பேக்கேஜ் சொதப்புவது இந்த இடத்தில்தான். விமானம் ரத்தானால் "ஜீப்பில் அழைத்துப் போவோம்" என்று ஒரு வரி இருக்கும். காலை பத்து மணிக்கு ரத்து தெரிந்து, பதினோரு மணிக்கு ஜீப் கிளம்பினால் முக்திநாத் கோயிலுக்குக் கீழே உள்ள ஊரான ராணிபௌவா போய்ச் சேர இரவாகிவிடும். மறுநாள் அதிகாலை தரிசனம், உடனே திரும்புகிற பயணம். நடுவில் ஓர் இரவு உபரியாக இருந்தால் இந்த ஓட்டம் தேவையில்லை. ரத்தானால் விமானப் பணம் யாருக்குத் திரும்ப வரும், ஜீப் கூலி யார் தலையில் விழும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள். நேபாள உள்நாட்டு விமானங்களில் நேபாளிகளுக்கு ஒரு கட்டணம், இந்தியர்களுக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டவருக்கு ஒன்று. உங்கள் டிக்கெட்டை இந்தியர் கட்டணத்தில்தான் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெட்டிக்கு 10 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்ற அளவில்தான் அனுமதி இருக்கும். பெரிய பெட்டியைப் போக்ரா ஹோட்டலிலேயே வைத்துவிட்டு, ஒரு தோள்பையோடு ஏறுங்கள்.

ஜீப் வழி: போக்ரா, பெனி, தாதோபானி, காசா, மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி, ராணிபௌவா. நல்ல நாளில் 9 மணி நேரம், மோசமான நாளில் 12. பெனிக்கும் காசாவுக்கும் நடுவில்தான் உடம்பு நொறுங்கும். பாறையைக் குடைந்த ஒற்றைச் சாலை, மழைக்காலத்தில் சேறும் சரிவும். மார்ஃபாவுக்கு மேலே சாலை நன்றாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வழியை நம்ப வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை, முஸ்தாங் இமயத்தின் மழை மறைவுப் பகுதி. ஆகஸ்டில் ஜோம்சோமில் பெரிய மழை இருக்காது, அங்கே போகிற வழிதான் கரைந்து ஓடும். "முக்திநாத்தில் ஆகஸ்டில் வெயில்தான்" என்று விற்பவர் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொல்கிறார். மார்ச் நடு முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, இவைதான் சரியான மாதங்கள்.

ஹெலிகாப்டரில் போனால் அன்றே திரும்பிவிடலாம். நடக்கவே முடியாதவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. ஆனால் கீழே காத்திருப்பது அளந்து வைத்த நேரம். அதற்குள் இறங்கி, கோயிலுக்குப் போய், நீராடி, தரிசித்து, திரும்பி ஏற வேண்டும். நீராடலா தரிசனமா என்று தேர்ந்தெடுக்கிற நிலை வரும். தரையில் எவ்வளவு நேரம், ஹெலிபேடிலிருந்து கோயில் வாசலுக்கு வண்டி யார் ஏற்பாடு, இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

எதில் போனாலும் உயரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். போக்ரா சுமார் 820 மீட்டர். ஜோம்சோம் 2,700ஐ ஒட்டி. முக்திநாத் 3,700க்கு மேல். அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 64 சதவீதம். பகலில் மேலே போய்விட்டு வருவதைவிட, எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் உடம்பைப் படுத்தும். போக்ராவில் காலை ஜீப் ஏறி அன்றிரவே ராணிபௌவாவில் படுக்க வைக்கும் பேக்கேஜ்கள் இருக்கின்றன. அது ஒரே நாளில் 2,900 மீட்டர் ஏற்றம். இரவு பன்னிரண்டு மணிக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று அறைக்கு அறை கதவு தட்டப்படும். சரியான முறை: முதல் இரவு மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ, மறுநாள் காலை மேலே போய் தரிசனம், மதியத்துக்குள் இறங்கி மறுபடி ஜோம்சோமில் படுக்கை. நான் கூட்டச் சொல்லும் அந்த ஓர் இரவு இதற்கும் சேர்த்துத்தான்.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசிடசோலமைடு மாத்திரையைப் பலர் 125 மி.கி. வீதம் காலை, இரவு என்று மேலே போவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுக்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. கைடு தரும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும், அர்த்த ராத்திரியானாலும். "இன்ஷூரன்ஸ் உண்டு" என்று பேக்கேஜில் போட்டிருந்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்று பாலிசியைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஓர் உயரத்துக்கு மேல் செல்லாத பாலிசிகள் நிறைய உண்டு.

முக்திநாத் அடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான பெர்மிட், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், அதாவது நம் பணத்தில் 625. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். பாஸ்போர்ட் அளவுப் போட்டோவும் அடையாள அட்டை நகலும் வேண்டும். இதை "எக்ஸ்ட்ரா" என்று தனியாகக் கேட்டு இரண்டு மடங்கு வாங்கும் இடங்கள் உண்டு, கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இனி கோயில். ராணிபௌவாவில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வாசல் வரை மெதுவாக நடந்தால் அரை மணி நேரம், அப்புறம் படிகள். குதிரையும் மோட்டார் பைக்கும் கிடைக்கும். ஏற மட்டுமா, இறங்கவும் சேர்த்தா என்று பேசிவிட்டு ஏறுங்கள். கோயில் சிறியது, பகோடா வடிவம். பின்னால் அரைவட்டமாக 108 மாட்டுத்தலைத் தூம்புகள், ஆள் உயரத்துக்குச் சற்று மேலிருந்து தண்ணீர் கொட்டும். முன்னால் இரண்டு குண்டங்கள். முதலில் 108 தாரைகளிலும் தலை நனைய ஒரு சுற்று, பிறகு இரண்டு குண்டங்களிலும் முழுக்கு, பிறகு தரிசனம். இதுதான் முறை.

தண்ணீர் பனி உருகி வருவது. முதல் பத்துத் தாரைக்குள் உச்சந்தலை மரத்துவிடும். ஓடக் கூடாது, கல்தரை வழுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தூம்பு வாயிலும் தரையிலும் பனிக்கட்டி கட்டியிருக்கும், இடுப்பு எலும்பு முறிய அதைவிடத் தோதான இடம் கிடையாது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முழுக்குப் போட வேண்டாம். குளிர்ந்த நீர் பட்டதும் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் சட்டென்று ஏறும், அந்த உயரத்தில் அது விளையாட்டல்ல. கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாற்றுத் துணியையும் துண்டையும் குண்டத்துக்கு அருகில் ஒருவரிடம் கொடுத்து நிற்க வையுங்கள். ஈரத்தோடு உடை மாற்றும் அறை வரை நடக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் குளிர் உள்ளே இறங்கும். கம்பளிக் குல்லாவும் பிளாஸ்க்கில் சுக்கு வெந்நீரும் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

கோயிலில் தமிழ்நாட்டுப் பெருமாள் கோயில் நடைமுறையை எதிர்பார்த்துப் போனால் திகைப்பீர்கள். பூஜை செய்ய இந்து அர்ச்சகர் உண்டு, கோயிலைப் பேணிக் காப்பதில் பௌத்த பிக்குணிகளுக்கும் பங்கு உண்டு. திபெத்திய பௌத்தர்களுக்கு இதே மூர்த்தி கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரர், இந்த இடத்தின் பெயர் சுமிக் க்யாத்ஸா, அவர்களின் குருவான பத்மசம்பவர் தவம் செய்த தலம். கைடு பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, "அவங்க கும்பிடுறது வேற" என்று தள்ளிக்கொண்டு போவார். வேறே இல்லை, ஒரே சந்நிதிதான்.

அதே வளாகத்தில் ஜ்வாலா மாயி கோயிலைத் தவற விடாதீர்கள். பிரதானக் கோயிலிலிருந்து சில நிமிட நடை. பலிபீடத்துக்குக் கீழே திரை போட்ட பொந்து இருக்கும். பிக்குணி திரையை விலக்கினால் குனிந்து, ஏறக்குறைய மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். கம்பி வலைக்குப் பின்னால் நீலச் சுடர், கட்டை விரல் அளவுக்கு, அதன் அடியிலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம். பூமிக்குள்ளிருந்து கசியும் இயற்கை வாயுதான் எரிகிறது. கண் இருட்டுக்குப் பழக அரை நிமிடமாவது வேண்டும். முப்பது பேர் குழுவைப் பத்து நிமிடத்தில் உள்ளே விட்டு வெளியே எடுத்தால் பாதிப் பேருக்குத் திரைதான் தெரியும்.

காக்பேனி பற்றி ஒரு வார்த்தை. காளி கண்டகியும் ஜோங் கோலாவும் கூடும் இந்த ஊரில் பிதுர்காரியம் செய்வது விசேஷம். பேக்கேஜில் இது தனிக் கட்டணம். உள்ளூர்ப் புரோகிதர் நேபாள முறையில் செய்து வைப்பார். நம் சூத்திரப்படி வேண்டுமென்றால் வாத்தியாரைக் கூட அழைத்து வரும் குழுவில்தான் போக வேண்டும். எள், தர்ப்பை, பவித்திரம், மாவு ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். முற்பகலுக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் காற்றில் மணல் பறக்க ஆரம்பித்தால் பிண்டம் தரையில் நிற்காது.

சாளக்கிராமக் கல் விற்கிறார்கள், ராணிபௌவாப் பாதை நெடுக. கறுத்த களிப்பாறைக்குள் புதைந்த அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம் அது, இமயம் எழும்பும் முன் அங்கே இருந்த கடலின் எச்சம். முழுதாக உருண்டையாக இருப்பதில் துளை வழியே சக்கரம் தெரியும், உடைத்துத் திறந்ததில் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று அச்சும் வார்ப்புமாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இரண்டு வெவ்வேறு கல். செதுக்கிய போலியில் சக்கரத்தின் வரிகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். உண்மையானதில் நடுவை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். பிசின் வார்ப்பு என்றால் கையில் எடுத்ததுமே கனம் காட்டிக்கொடுத்துவிடும், கல்லுக்குள்ள குளிர்ச்சியும் இருக்காது. "ஸ்வர்ண சாளக்கிராமம்" என்று மினுமினுப்பதில் பெரும்பாலும் இருப்பது பைரைட் என்ற இரும்புத் தாது, தங்கமல்ல. சாளக்கிராமத்தை விலைக்கு வாங்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகளும் உண்டு, வாங்கியபின் நித்திய பூஜை தவறக் கூடாது என்ற கட்டும் உண்டு. கூட வந்தவர் வாங்கினார் என்று வாங்காதீர்கள்.

சாப்பாடு. "முழுக்கத் தமிழ்நாட்டுச் சமையல், சமையல்காரர் உடன் வருவார்" என்பது போக்ரா வரை உண்மை. கேஸ் சிலிண்டரும் பாத்திரமும் ஜோம்சோம் விமானத்தில் ஏறாது. மேலே இரண்டு நாள் அந்தப் பகுதித் தகாலி மக்களின் சாப்பாடுதான்: சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். குறை சொல்ல முடியாத சாப்பாடு. ஜிம்பு என்ற மலைப்பூண்டுத் தாளைத் தாளித்த அந்தப் பருப்பு நம் ரசத்தைத் தேடவிடாது. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே "ப்யாஜ், லசுன் நஹால்னுஸ்" என்று சொல்லிவிட வேண்டும், ஜிம்புவையும் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ஃபா ஆப்பிள் உலர்த்தியது வாங்கலாம், நன்றாக இருக்கும்.

போக்ராவில் பேவா ஏரியும் நடுவிலுள்ள வாராஹி கோயிலும் ஒரு மாலைக்குப் போதும். அங்கிருந்து காத்மாண்டு 200 கிலோமீட்டர் என்றாலும் பஸ்ஸில் 7 முதல் 9 மணி நேரம் ஆகும், சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் இன்னும் கூடும். அரை மணி நேர விமானம் இருக்கிறது. கூடுதல் பணம் கொடுக்க ஓர் இடம் தேட வேண்டுமானால் இதுதான், ஒரு முழு நாள் மிச்சமாகும். இரவுப் பஸ் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். 2024 ஜூலையில் சித்வன் மாவட்டத்து சிமல்தாலில் விடிவதற்கு முன் நிலச்சரிவு இரண்டு பஸ்களை 60க்கும் மேற்பட்டவர்களோடு திரிசூலி ஆற்றில் தள்ளியது.

பசுபதிநாத் தரிசனத்தைப் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கின்றன. இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இந்து அல்லாதவர்களுக்குப் பிரதானக் கோயிலுக்குள் அனுமதி கிடையாது. தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே போகாது, கேமரா கூடாது. லிங்கத்துக்கு நான்கு திசையிலும் முகம்: மேற்கே சத்யோஜாதம், வடக்கே வாமதேவம், கிழக்கே தத்புருஷம், தெற்கே அகோரம், உச்சியில் ஈசானம். நான்கு வாசல், நான்கு தரிசனம். பெரிய நந்திக்கு எதிரேயுள்ள மேற்கு வாசலில் பார்த்துவிட்டு "ஆச்சு" என்று திரும்பும் குழுக்கள்தான் அதிகம். சுற்றிப் போய் மற்ற மூன்று வாசலிலும் நின்றால்தான் அந்த லிங்கத்தைப் பார்த்ததாக அர்த்தம், அங்கே கூட்டமும் குறைவு. லிங்கத்தைத் தொட்டுப் பூஜை செய்யும் உரிமை பட்டர்களுக்கு மட்டும். அவர்கள் கர்நாடகத்திலிருந்து வரும் வேதியர்கள், காலங்காலமாகத் தொடரும் ஏற்பாடு. நடுப்பகலில் சந்நிதி சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் பாக்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் ஆரத்தி. எதிர்க்கரையில் சிதை எரிந்துகொண்டிருக்கும். அதைப் போனில் படம் பிடிக்காதீர்கள், அங்கே நிற்பவர்கள் ஒரு வீட்டின் துக்கத்தில் நிற்கிறார்கள்.

பௌதநாத் ஸ்தூபம் அங்கிருந்து 2 கிலோமீட்டர்தான். பேக்கேஜில் அது "போட்டோ ஸ்டாப்". மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் போய் ஸ்தூபத்தை வலமாக மூன்று சுற்று வாருங்கள், சுற்றும் கூட்டத்துக்கு எதிராக நடக்கக் கூடாது. 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் உச்சிப் பகுதி விரிசல் விட்டு, திருப்பணி முடிந்து 2016 நவம்பரில் திறந்தார்கள். குன்றின் மேலுள்ள ஸ்வயம்பு ஸ்தூபத்துக்குக் கிழக்குப் படி 365. முழங்கால் வலி உள்ளவர்களை மேற்கு வாசல் வரை காரிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். பிரசாதப் பையைக் கையில் தொங்க விட்டால் குரங்கு விடாது. புதாநீலகண்டத்தில் குளத்துக்குள் சயனித்திருக்கும் கருங்கல் திருமால் 5 மீட்டர் நீளம், இதை எந்தக் காரணத்துக்கும் வெட்ட விடாதீர்கள்.

பக்தபூரும் பாடனும் "ஹெரிடேஜ் டூர்" என்று வேறு பேக்கேஜில் விற்கப்படுகின்றன, யாத்ரீகர்களுக்கு இது எதற்கு என்ற எண்ணம். பாடன் தர்பார் சதுக்கத்தில் 1637ஆம் ஆண்டின் கிருஷ்ணர் கோயில், முழுக்கக் கல், 21 கலசம். ஐந்து நிமிடம் நடந்தால் ஹிரண்ய வர்ண மகாவிகாரம், பொன் தகடு வேய்ந்த பௌத்த மடம். காத்மாண்டின் வாழும் தெய்வம் குமாரி சாக்கிய பௌத்தக் குலத்துச் சிறுமி, வணங்கப்படுவதோ மல்ல அரசர்களின் குலதெய்வமான தலேஜுவாக. பசுபதிநாத்தை மட்டும் பார்த்துத் திரும்பினால் இந்த ஊரின் சமயத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

பக்தபூரில் 1702இல் பூபதீந்திர மல்லர் எழுப்பிய ஐந்தடுக்கு ஞாதபோலா கோயில். 2015 பூகம்பத்தில் அக்கம்பக்கத்துக் கோயில்கள் சரிய, இது பெரிய சேதமில்லாமல் நின்றது. படியின் இருபுறமும் கீழிருந்து மேலாக மல்யுத்த வீரர்கள், யானைகள், சிங்கங்கள், யாளிகள், தேவியர் என்று ஐந்து ஜோடிச் சிலைகள், ஒவ்வொன்றும் கீழே உள்ளதைப் போல் பத்து மடங்கு வலிமை என்பது ஐதீகம். காலை ஏழு மணிக்குப் போனால் பஸ் கூட்டம் வரும் முன், உள்ளூர்க்காரர்கள் பூஜைத் தட்டோடு போகிற பக்தபூரைப் பார்க்கலாம். சார்க் நாட்டவருக்கு நுழைவு அண்மைக் காலம் வரை பக்தபூரில் 500, பாடனில் 250, பௌதநாத்தில் 100 நேபாள ரூபாய். அடையாள அட்டை காட்டாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள், அது பல மடங்கு. மண்சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிர், ஜுஜு தௌ, இந்த ஊரில்தான் சாப்பிட வேண்டும்.

புத்தர் பிறந்த லும்பினிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவது அநியாயம். வளாகம் பெரியது, மாயாதேவி கோயிலிலிருந்து வடக்கே மடங்கள் வரை நடக்க முடியாது, பேட்டரி ரிக்‌ஷா எடுங்கள். கிழக்குப் பக்கம் பௌத்தத்தின் தேரவாதப் பிரிவு நாடுகளின் விகாரைகள், மேற்கே மகாயானப் பிரிவினுடையவை. 1896இல் கண்டெடுத்த அசோகர் தூணில் புத்தர் இங்கே பிறந்தார் என்பதோடு, ஊருக்கு வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைத்த செய்தியும் பிராமி எழுத்தில் இருக்கிறது. கோயிலுக்குள் செருப்பும் போட்டோவும் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் தரை சுடும், கனமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காகித விஷயத்தில் குழு மொத்தமும் மாட்டிக்கொள்வது ஒன்றில்தான்: விமானத்தில் நேபாளம் போக ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழே, 65 வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும் ஆதார் போன்ற மற்ற அட்டைகளுக்குச் சலுகை. 62 வயது அம்மாவின் ஆதாரை மட்டும் வைத்துக்கொண்டு டெல்லி கவுண்டரில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணமாக 100 ரூபாய் நோட்டுகளாக எடுத்துப் போங்கள், எங்கும் எடுபடும். 500 நோட்டை நம்பிப் போக வேண்டாம். நேபாளத்து ஃபோன்பே (Fonepay, நம் PhonePe அல்ல) க்யூஆர் இருக்கும் கடைகளில் 2024 முதல் நம் யூபிஐ வேலை செய்கிறது, ஜோம்சோமுக்கு மேலே நெட் போனால் அதுவும் போச்சு.

கடைசி நாள் ஷாப்பிங்கில் ஏகமுகி ருத்ராட்சம் என்று உருண்டையாக எதை நீட்டினாலும் வாங்காதீர்கள். அதிக முகமுள்ளவற்றை வாங்குவதானால் எக்ஸ்ரே எடுத்து உள்ளே விதை அறைகளை எண்ணித் தரச் சொல்லுங்கள். தண்ணீரில் மூழ்குகிறதா என்ற சோதனை எதையும் நிரூபிக்காது. ஐந்து முகம் மலிவு, போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. உலோகச் சிலை என்றால் கைடு நிறுத்தும் கடையில் வேண்டாம், பாடனில் சாக்கியர்கள் மெழுகு வார்ப்பில் செய்யும் பட்டறைகளிலேயே பாருங்கள். பழசு போல் கறுப்பேற்றிய சிலையை வாங்கினால், அது புதிது என்று தொல்லியல் துறையின் சான்றும் முத்திரையும் வாங்கித் தரும்படி கடைக்காரரிடமே சொல்லுங்கள். அது இல்லாமல் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் சிலை அங்கேயே நின்றுவிடும்.